கல்யாணப் பேச்சில் விட்டுப்போகும் மாத்திரை

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கத்தில் ஒரு கல்யாணம் பேசி முடிப்பதற்குள் எல்லாமே பேசப்பட்டுவிடும். எத்தனை பவுன், எத்தனை சென்ட் நிலம், ரப்பர் மரம் பால் வெட்டுகிற பருவத்துக்கு வந்தாச்சா, பையன் வளைகுடாவிலிருந்து எப்போது லீவில் வருவான், சாப்பாட்டில் எத்தனை பாயசம். பெண் தினமும் இரண்டு வேளை விழுங்கும் மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது வலிப்புக்கான மாத்திரை என்றால் சொந்த வீட்டுக்குள்ளேயே குரல் தணிந்துவிடும்.

வலிப்பு உள்ள ஒரு பெண் நல்லபடியாகப் பிள்ளை பெறுவதற்கான வேலைகளில் பெரும்பகுதி, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது. மறைத்துக் கட்டிக்கொடுக்கும்போது அந்தக் காலம் அவளுக்குக் கிடைக்காமலே போகிறது. கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கிற ஊர் இது. வந்த புது இடத்தில் மாத்திரையையே ஒளித்துத் தின்னும் பெண், "ஆறு மாசம் பொறுத்து உண்டாகலாம், அதற்குள் மருந்தை மாற்ற வேண்டும்" என்று யாரிடம் சொல்லுவாள்?

எனக்கு வலிப்பு வந்தது பிளஸ் டூ படிக்கும்போது. அதற்கு முன்பே கொஞ்ச காலமாகக் காலையில் எழுந்ததும் கை திடீரென்று வெட்டி இழுக்கும். காப்பி டம்ளர் தெறித்து விழும். "பொம்பளப் பிள்ளைக்குக் கையில பெலம் இல்லியா?" என்று அம்மா சத்தம் போடுவாள். பரீட்சைக்கு ராத்திரி விழித்துப் படித்த மறுநாள், கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே விழுந்தேன். யாரோ ஓடி வந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்களாம். சாவியால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108க்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஊரில் முதலில் சாவியைத்தான் தேடுகிறார்கள்.

நாகர்கோவிலில் பார்த்த நரம்பியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "காலையில கையில இருந்து சாமான் தெறிச்சு விழுமா?" என்பதுதான். எனக்கு வந்திருப்பது இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பு, அதாவது தசை திடீரென்று வெட்டி இழுக்கும் வகை என்றார். பத்து, பதினைந்து வயதை ஒட்டித் தொடங்கும். தூக்கம் குறைந்தால் கிளம்பும். மருந்துக்கு நன்றாக அடங்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மருந்தைப் பல காலம் தொடர வேண்டியிருக்கும். சோடியம் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் கை இழுப்பு நின்றது. கல்லூரி முடிக்கும் வரை ஒரு வலிப்புகூட வரவில்லை.

அந்த மாத்திரைக்கும் நான் பிற்காலத்தில் பெறப்போகும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பெண்ணிடம் அதைப் பேசுவது நம் வீடுகளில் வழக்கமில்லை. டாக்டரின் அறைக்கு வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். ஆனால் பேச வேண்டிய வயது அதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்லுவேன். முதல் மாத்திரை எழுதுகிற அன்றே, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, "இவளுக்குக் கல்யாணம் பேசும்போது ஒரு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட கூட்டிட்டு வாங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

அம்மா என்ன செய்தாள் என்றால், மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, வைட்டமின் மாத்திரை இருந்த பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தாள். அட்டை அடுப்புக்குப் போய்விடும். யாராவது கேட்டால் "ரத்தம் கொறவு, சத்து மாத்திரை" என்பாள். அவள் பயம் எனக்குப் புரியும். ஆனால் பெயரில்லாத அந்த மாத்திரைகளை ஓர் அவசரத்தில் எந்த டாக்டரும் அடையாளம் காண முடியாது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பது எனக்கே ரொம்ப நாள் சரியாகத் தெரியாது.

கல்யாணப் பேச்சு வந்தபோது வீட்டில் பெரிய சண்டை. அப்பாவும் அம்மாவும் சொல்ல வேண்டாம் என்றார்கள். குறுக்கே நின்றவள் சித்தி. சவுதியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். "மறச்சுக் கெட்டிக்குடுத்தா அவ மாத்திரையையும் மறச்சுல்லா திங்கணும். ஒரு நாளு தவறும், ரெண்டு நாளு தவறும். அங்க வச்சு விழுந்தா அப்பம் என்ன சொல்லுவிய? சொல்லி வாறவன் வரட்டும் எக்கா" என்று அம்மாவிடம் ஒரே பிடியாக நின்றாள். சொன்னோம். வந்த ஒரு சம்பந்தம் அன்றைக்கே நின்றது. அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கும் இது வருமா?" என்று ஒரு கேள்வி கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

அது நியாயமான கேள்வி. தாய்க்கு வலிப்பு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடும். எந்த வகை வலிப்பு என்பதைப் பொறுத்து அந்தக் கூடுதல் மாறும். தலையில் அடிபட்டோ, மூளைக்காய்ச்சலுக்குப் பிறகோ வந்த வலிப்பு என்றால் பரம்பரைக்கு அதில் அநேகமாகப் பங்கில்லை. என்னுடையதைப் போன்ற வகையில் மரபின் பங்கு சற்று அதிகம். அப்படியிருந்தும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று. இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு காலத்தில் திருமணத்துக்குத் தடையாகவே எழுதப்பட்டிருந்தது. 1999இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. இன்றும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் "கேஸ் போட்டா கல்யாணம் செல்லாது" என்று பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயமும் மறைப்பதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

கல்யாணம் முடிந்ததும் சித்தி என்னையும் அவரையும் திருவனந்தபுரத்துக்குக் கிளப்பினாள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் இந்தப் பாதை பழக்கமானது. இரணியலில் காலை ரயில் ஏறி, தம்பானூரில் இறங்கி, மெடிக்கல் காலேஜ் பஸ் பிடித்தால் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிலையம். வலிப்பும் கர்ப்பமும் சேர்ந்த விஷயத்தில் அது சாதாரண இடமில்லை. 1998 முதல் அங்கே கேரள வலிப்பு–கர்ப்பப் பதிவேடு நடக்கிறது. டாக்டர் சஞ்சீவ் வி. தாமஸ் தொடங்கி வளர்த்தது. வலிப்பு உள்ள பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சேர்த்து, கர்ப்ப காலம் முழுக்கக் கவனித்து, பிறந்த குழந்தைகளையும் வளர வளரப் பரிசோதித்துப் பதிவு செய்கிறார்கள். எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், ரெண்டு மணி நேரத் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது எங்கள் மாவட்டத்துப் பெண்கள் பலருக்குத் தெரியாது.

அங்கே உட்கார்ந்துதான் முதன்முதலாக முழு விவரமும் கேட்டேன். நல்ல செய்தியை அந்த டாக்டர் முதலில் சொன்னார்: வலிப்பு உள்ள பெண்களில் 100க்கு 90 பேருக்கு மேல் நல்ல ஆரோக்கியமான குழந்தையே பிறக்கிறது. அப்புறம் என் மாத்திரைக்கு வந்தார்.

வெவ்வேறு மருந்துகளின் ஆபத்து ஒன்றுபோல இல்லை. யூராப் என்ற பன்னாட்டுப் பதிவேடு, 42 நாடுகளில் 7,000க்கு மேற்பட்ட கர்ப்பங்களைக் கணக்கெடுத்து 2018இல் வெளியிட்ட முடிவு இது. வால்ப்ரோயேட் மட்டும் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் 10.3 சதவீதம் பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது. ஃபீனோபார்பிட்டோனுக்கு 6.5, எங்கள் ஊரில் எப்டாயின் என்று எல்லோருக்கும் தெரிந்த ஃபீனைட்டாயினுக்கு 6.4, கார்பமாசெபினுக்கு 5.5. லாமோட்ரிஜினுக்கு 2.9, லெவெடிராசெட்டத்துக்கு 2.8. எந்த மருந்தும் எடுக்காத தாய்மாரின் குழந்தைகளிலும் 100க்கு 2, 3 பேருக்குக் குறைபாடு இருக்கத்தான் செய்கிறது. அப்படிப் பார்த்தால் கடைசி இரண்டும் ஏறக்குறைய அதே அளவு. மருந்தின் அளவு கூடினாலும், இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்தாலும் ஆபத்து கூடுகிறது, குறிப்பாக அதில் வால்ப்ரோயேட்டும் இருந்தால்.

வால்ப்ரோயேட் விஷயம் உடல் குறைபாட்டோடு நிற்பதில்லை. முதுகுத் தண்டு மூடாமல் பிறப்பது, இருதயத்தில் ஓட்டை, அண்ணப் பிளவு இவற்றோடு, குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் அது பாதிக்கிறது. கருவில் வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளை 6 வயதில் சோதித்துப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், மற்ற மருந்து பட்ட குழந்தைகளைவிட அவர்களின் ஐ.க்யூ. 7 முதல் 10 புள்ளிகள் வரை குறைவாக இருந்தது. இதனால்தான் 2018இல் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும், கர்ப்பத் தடுப்புக்கு உறுதியான ஏற்பாடு இல்லாமல் இளம் பெண்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். நம் ஊரில் விலை குறைவு, பல வகை வலிப்புக்கும் கேட்கும் என்பதால் அது தாராளமாக எழுதப்படுகிறது. அதை எழுதுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அதைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. எழுதிக் கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் விடுவதைத்தான் சொல்லுகிறேன்.

இதைப் படிக்கும் ஒருத்தி நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் அடுத்தடுத்து நிற்காமல் வலிப்பு வரலாம், தூக்கத்திலேயே உயிர் போகவும் செய்யலாம். வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருக்கும்போதே உண்டாகிவிட்டால்கூட, தானாக நிறுத்தாமல் உடனே டாக்டரைப் பார்ப்பதுதான் வழி.

எனக்கு மருந்து மாற்றத் தீர்மானித்தார்கள். லெவெடிராசெட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வால்ப்ரோயேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பழையது முழுக்க நின்ற பிறகும் பல மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்னால் குறைந்தது 9 மாதம் வலிப்பில்லாமல் இருந்த பெண்களில், 100க்கு 84 முதல் 92 பேர் வரை கர்ப்ப காலத்திலும் வலிப்பில்லாமலே இருக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த 9 மாதத்தைச் சம்பாதிப்பதுதான் திட்டமிடுவதன் பாதி.

அந்தக் காலம் எளிதாக இல்லை. சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில் அன்றன்றைய தாளின் ஓரத்தில் குறித்து வைப்பேன்: காலை கை இழுப்பு உண்டா, எத்தனை மணிக்குத் தூங்கினேன், மாதவிடாய்த் தேதி. கிழித்த தாள்களை நூலில் கோத்து வைத்து ஒவ்வொரு தடவையும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவேன். டாக்டர் அதை ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்ப்பார். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் இழுப்பு கூடுவது அந்தத் தாள்களில்தான் தெரிந்தது. ஸ்கூட்டியைத் தொடவில்லை. குளத்தில் குளிப்பதை விட்டேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் குளத்துக் குளியல் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் வலிப்பு உள்ளவர் தண்ணீருக்குள் தனியாக இறங்கக் கூடாது. புது மருந்து தொடங்கியதும் சட்டுச் சட்டென்று கோபம் வந்தது. அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் என் வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார்.

மருந்து மாற்றும் அந்த மாதங்களில் உண்டாகாமல் இருக்க வேண்டும். கருத்தடை பற்றி நம் பெண்களுக்குச் சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. கார்பமாசெபின், ஃபீனைட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் போன்ற மருந்துகள் கருத்தடை மாத்திரையின் சக்தியைக் குறைத்துவிடும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் உண்டாகிவிடலாம். லாமோட்ரிஜினில் நேர்மாறு: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைக் குறைத்து வலிப்பைக் கிளப்பிவிடும். காப்பர்-டிக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அரசு மருத்துவமனையிலேயே போடுவார்கள். "பிள்ள பெறாதவளுக்குக் காப்பர்-டியா?" என்று மாமி, அதாவது என் மாமியார், முதலில் முகம் சுளித்தார். முதல் குழந்தைக்கு முன்பும் போடலாம், எடுத்ததும் உண்டாகலாம் என்று டாக்டரிடம் அவரையே கேட்க வைத்தோம். அப்புறம் சரி என்றார்.

கூடவே ஃபோலிக் அமிலம், கருவின் முதுகுத் தண்டு சரியாக மூட உதவும் வைட்டமின். கருவின் முதுகுத் தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய் ரெண்டு வாரம்கூட ஆகியிருக்காது. பல பெண்கள் அப்போதுதான் சந்தேகப்படத் தொடங்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை வாங்கித் தின்றால் அது ரத்தத்துக்கு நல்லது, ஆனால் அந்தக் குழாய் மூடுகிற நாள் கடந்திருக்கும். அதனால்தான் மூன்று மாதம் முன்பே தொடங்கச் சொல்லுகிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் இருப்பது 500 மைக்ரோகிராம். எனக்கு 5 மில்லிகிராம் மாத்திரை எழுதினார்கள். அவரவருக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் மிகக் குறைந்த விலை மாத்திரை அது.

அதே ஓ.பி. வரிசையில் ஒரு நாள் கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். முந்திரி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை செய்கிறவள், விரல்களெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருந்தது. அவளுக்கு முதல் கர்ப்பத்தில் இரண்டாம் மாதம் தெரிந்ததும், உள்ளூரில் பார்த்த டாக்டர் ஒருவர் "குழந்தைக்குக் கெடுதல், எல்லா மாத்திரையையும் நிறுத்து" என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலும் அதையே சொன்னார்கள். ஐந்தாம் மாதத்தில் அடுக்களையில் விழுந்தாள். நிற்காத வலிப்பு. குழந்தை தங்கவில்லை. "மாத்திரை தின்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னாவ. தின்னாம இருந்தா எனக்கும் பிள்ளைக்கும் என்ன ஆகும்னு ஒருத்தரும் சொல்லல எக்கா" என்றாள். கர்ப்பத்தில் பெரிய வலிப்பு வரும்போது கருவுக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது, விழுந்து வயிற்றில் அடிபடலாம். மருந்தின் ஆபத்தையும் வலிப்பின் ஆபத்தையும் தராசின் இரண்டு தட்டிலும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தட்டை மட்டும் பார்த்துச் சொல்லுகிற அறிவுரைதான் எங்கள் பக்கத்தில் அதிகம் புழங்குகிறது. அதன் விலையை அவள் கொடுத்திருக்கிறாள்.

நான் உண்டானபோது எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தால் மறுபடி போடலாமா என்பதைக்கூட முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தோம். கர்ப்பத்தில் உடம்பு இந்த மருந்துகளை வேகமாக வெளியே தள்ளிவிடும். லாமோட்ரிஜின் அளவு ரத்தத்தில் பாதிக்கும் கீழே போய்விடலாம், லெவெடிராசெட்டமும் குறையும். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பிணிகளில் 74 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருந்தது. அப்படிக் கவனித்து மாற்றிய நிலையில், அவர்களுக்கு வலிப்பு கூடியது கர்ப்பமில்லாத பெண்களுக்குக் கூடிய அதே அளவில்தான் இருந்தது. எனக்கும் கூட்டினார்கள். "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு மாத்திரையைக் கூட்டுதாளே" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தது. மாமி அவர்களுக்குப் பதில் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேன் முக்கியம். 18 முதல் 20 வாரத்துக்குள் தலை, முதுகு, இருதயம், உதடு எல்லாவற்றையும் விரிவாகப் பார்ப்பார்கள். என்ன மருந்து எடுக்கிறோம் என்பதை ஸ்கேன் செய்கிறவருக்கும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: ஐந்து மாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்தால் "அவளுக்கு எப்பவும் உள்ளதுதானே" என்று வீட்டில் விடக் கூடாது. ரத்த அழுத்தம் கூடி வரும் வலிப்பாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. உடனே கொண்டுபோய் பிரஷர் பார்க்க வேண்டும்.

வலிப்பு இருக்கிறது என்பதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. எனக்குச் சுகப்பிரசவம், நாகர்கோவிலில். வலி வந்த நேரத்திலும் மாத்திரை தவறவில்லை. பெண் குழந்தை.

திட்டமிடுவது பிரசவத்தோடு முடிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதற்கடுத்த மாதங்கள்தான் கடினம், ஏனென்றால் தூக்கம் போய்விடும். எட்டாம் மாதமே வீட்டில் இதைப் பேசி முடிவு செய்தோம். ராத்திரி பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை குழந்தை அம்மா பொறுப்பு. முன்கூட்டியே பீய்ச்சி வைத்த பாலைக் கிண்ணத்திலும் ஸ்பூனிலும் கொடுப்பாள். மூன்று மணிக்கு மேல் என்னிடம். பக்கத்து வீட்டில் ரப்பர் வெட்டப் போகிற அண்ணன் சைக்கிள் எடுக்கும் சத்தம் கேட்கும் நேரம் அது. தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் தூங்கியதில்தான் நான் தப்பித்தேன். தாய்ப்பாலைப் பற்றியும் பயம் வேண்டியதில்லை. வலிப்பு மருந்து எடுக்கும் பெரும்பாலான தாய்மார் தாராளமாகப் பால் கொடுக்கலாம். ஃபீனோபார்பிட்டோன் போன்ற தூக்கம் வரவழைக்கும் மருந்து என்றால், குழந்தை அதிகம் தூங்குகிறதா, பால் குடிக்கச் சோம்புகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பால் கொடுக்கும்போது கட்டிலில் உட்காராமல் தரையில் பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்காருவேன். துணி மாற்றுவதும் தரையில்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க மாட்டேன். உருக்கெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை அம்மாவோ குளிப்பாட்ட வருகிற பாட்டியோதான் செய்தார்கள். நான் தனியாக ஒரு நாளும் செய்யவில்லை. உளுந்தங்கஞ்சியும் பத்தியமும் ஒழுங்காக நடந்தது. லேகியம் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று சித்தி தடுத்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும், கூட்டிய மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைக்காவிட்டால் தலைசுற்றலும் மயக்கமும் வரலாம், லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கு முக்கியமாக. வீடு திரும்பும் முன்பே அந்தத் தேதிகளை எழுதி வாங்கிக்கொண்டோம்.

இத்தனையும் எனக்கு நடந்ததற்குக் காரணம் கூட இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்ததுதான். எல்லாப் பெண்ணுக்கும் நர்ஸ் சித்தி கிடைக்க மாட்டாள். ஆனால் நம் மாநிலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். புதிதாகக் கல்யாணமாகி வந்த தம்பதிகளைத் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. கர்ப்பம் பதிகிற புத்தகத்துக்கு முந்திய புத்தகம் அது. எழுதுகிற அன்றே, மாமியாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பதில் ஆம் என்றால் ஃபோலிக் அமிலத்தைக் கையில் கொடுத்து, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். தனியாகத் திட்டம் எதுவும் வேண்டாம். எங்கள் ஊர்ச் செவிலியரிடம் சொன்னேன். இப்போது அவர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

போன மாதம் பெரியப்பா வழியில் அக்கா ஒருத்தி போன் செய்தாள். அவள் மகளுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து வலிப்பு, வால்ப்ரோயேட்டும் இன்னொன்றும் சேர்த்து எடுக்கிறாள். தை மாதம் கல்யாணம் நிச்சயித்திருக்கிறார்கள். "அவிய வீட்டுல இன்னும் சொல்லல. ஒனக்க கிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு" என்றாள். நிச்சயத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஆனாலும் இந்த வாரமே சொல்லிவிடு என்றேன். பெண்ணே நேரில் பையனிடம் சொல்லட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். பையன் தக்கலையில் கடை வைத்திருக்கிறான். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். அவன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

கல்யாணத் தேதி எதுவானாலும் மருந்து விஷயம் காத்திருக்கக் கூடாது என்பதால் திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டோம். மூளை அலையைப் பதிவு செய்த பழைய இ.இ.ஜி. தாள்கள், எம்.ஆர்.ஐ. பிலிம், இதுவரை எடுத்த எல்லா மருந்துச் சீட்டும் கொண்டுவர வேண்டும். மாத்திரை அட்டையோடு வேண்டும், டப்பாவில் கொட்டி எடுத்து வராதே என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வலிப்பு வரும்போது யாராவது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும். பையனும் வருகிறேன் என்றிருக்கிறான். அவனுடைய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.